கரும்பு குடித்த ஆம்னி

எங்கள் நிலம் நாலு சக்கரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கேலியாகச் சொல்லவில்லை. கம்மாபுரம் பக்கத்தில் நாங்கள் கரும்பு போட்ட இடத்தை நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். வந்த பணத்தில் பங்காளிகள் பிடுங்கியது போக, மகள் கல்யாணம் போக, மிச்சத்துக்குக் கிடைத்தது ஒரு பழைய ஆம்னி வேன். என் வீட்டுக்காரர் கொளஞ்சிநாதன் அதைத் துடைக்கிற துடைப்பைப் பார்த்தால், இந்த மனுஷன் ஒருநாளாவது என் முகத்தை இப்படிப் பார்த்திருப்பாரா என்று எனக்கு எரிச்சல் வரும்.

அந்த வண்டியில்தான் சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டோம். அவர் ஓட்டுவார். நான் பின்னால் பிள்ளைகளோடு உட்கார்ந்து சண்டை விலக்குவேன். முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு பித்தளைச் சொம்பு, வாயில் மஞ்சள் துணி கட்டி இருக்கும். அதற்குள் இருந்தது எங்கள் குலசாமி செல்லியம்மன் கோயில் பிடிமண். கோயிலும் நிலத்தோடு போய்விட்டது. போகுமுன் மண்ணை அள்ளிக்கொண்டு வந்தோம். சொந்த இடத்தில் அந்த மண்ணைப் போட்டுப் பூசை செய்தால் அம்மன் மறுபடி குடியேறுவாள். ஆனால் மந்தாரக்குப்பத்தில் நாங்கள் இருப்பது வாடகை வீடு. அடுத்தவன் மனையில் அவளை இறக்க முடியுமா? எங்களுக்கென்று இருந்தது அந்த வண்டி ஒன்றுதான். மனை வாங்கும்வரை அதிலேயே இருக்கட்டும் என்றோம். எங்கே வாங்கினோம்! மகளுக்கே பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போகிறார்கள்.

போன சித்திரையில் வண்டிக்குச் சீக்கு வந்தது. நடுரோட்டில் நிற்கும். வண்டிக்குள் பெட்ரோல் நெடி அடிக்கும். மெக்கானிக் கோபாலகிருஷ்ணன் முன்சீட்டைத் தூக்கி, இன்ஜினிலிருந்து ஒரு ரப்பர் டியூபைப் பிடுங்கிக் காட்டினான். அது தண்ணீரில் ஊறிய அப்பளம்போல அவன் விரலிலேயே பிய்ந்தது.

“பெட்ரோல் முன்னமாதிரி இல்லண்ணே. நூத்துக்கு இருவது எத்தனால் ஸ்பிரிட்டு கலக்கறாங்க. புது வண்டி தாங்கும். இது கார்புரேட்டர் காலத்து வண்டி. ரப்பரெல்லாம் ஊறி வெடிச்சிகினு வருது.”

“வேற டியூப் போடு” என்றார் என் வீட்டுக்காரர்.

“போடறேன். அதுவும் எத்தினி நாளுக்கு? முன்ன பெட்ரோல்லேர்ந்து ஈயத்த எடுத்தாங்களே, அப்பவும் பழைய வண்டிங்க இப்டித்தான் படுத்துச்சிங்க. அப்ப ஏதோ ஒரு ஆயில ஊத்தி ஒப்பேத்திகினு இருந்தோம். இதுக்கு இன்னாத்த ஊத்தறது?”

“அந்த ஸ்பிரிட்ட எதுலேர்ந்து எடுக்கறாங்க?” என்று நான் கேட்டேன்.

“கரும்புலேர்ந்துதாங்க்கா.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நல்லாருக்கு போ! நாம போட்ட கரும்பே நம்மள திங்குது.”

அவர் சிரிக்கவில்லை. பிய்ந்த டியூபைக் கையில் வாங்கி மோந்து பார்த்தார். வெட்டுக் காலத்தில் கரும்புத் துண்டை அப்படித்தான் மோந்து பார்ப்பார். அதைப் பார்த்ததும் என் சிரிப்பு செத்துவிட்டது.

ஸ்பிரிட் கலக்காத பழைய பெட்ரோல் எங்காவது கிடைக்காதா என்று சேத்தியாத்தோப்பு போனார், வடலூர் போனார், மேல்பட்டாம்பாக்கம் வரை போனார். எல்லா பங்க்கிலும் கையை விரித்தார்கள்.

“வித்துத் தொலைங்க. உங்களால பிள்ளைங்களுக்கு எதுனா ஆயிடப்போவுது” என்றேன்.

“வித்துட்டு அவள எங்க வெக்கறது? உன் தலமேலயா?”

என் தலையில் வைக்கலாம் என்றால் நானே வைத்துக்கொண்டிருப்பேன். புது டியூப் மாட்டி ஓட்டினார். அது பிய்ந்ததும் இன்னொன்று.

ஆடி மாதத்தில் ஒரு காலை. வண்டி நிறையப் பிள்ளைகள். டவுன்ஷிப் ஆர்ச் கேட் தாண்டியதும் முன்சீட்டுக்கு அடியிலிருந்து புகை கிளம்பியது. அவர் வண்டியை நிறுத்திக் குதித்துச் சீட்டைத் தூக்கினார். குப்பென்று தீ. நான் பக்கத்துக் கதவை இழுத்தேன். எப்போதும் மக்கர் பண்ணுகிற கதவு, அன்றைக்கென்று அசையவே இல்லை. பிள்ளைகள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு கத்தின. என் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

அவர் சொம்பைப் பார்த்தார். ஒரு நொடிதான். எனக்கு அது ஒரு யுகம். பிறகு துணியைப் பல்லால் கிழித்து, சொம்பைக் கவிழ்த்தார். எங்கள் அம்மன் முழுக்க அந்தத் தீயில் விழுந்தாள். தீ சுருங்கிப் புகையானது. அவர் ஓடிவந்து வெளியிலிருந்து கதவை உதைத்துத் திறந்தார். ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

பெற்றோர் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். “நீங்க தெய்வம்ங்க” என்றார் ஒரு அம்மா. மறுநாளே எல்லாப் பிள்ளைகளையும் வேறு வேனில் ஏற்றிவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் பிள்ளையாக இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

கோபாலகிருஷ்ணன் பார்த்துவிட்டு, இனி ஓடாது என்று தலையை ஆட்டினான். இன்ஜின் பூராவும் மண் புகுந்திருந்தது. மண்ணையாவது மீட்கலாம் என்று என் வீட்டுக்காரர் ஒரு கரண்டியோடு உட்கார்ந்து பார்த்தார். எண்ணெயும் கரியும் உருகிய ரப்பருமாக ஒட்டிக்கொண்டு வந்தது. அதை அம்மன் என்று சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சின்னப் பையனைப்போல விம்மி விம்மி அழுதார். நிலம் போன அன்றுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

கடைசியில் பழைய இரும்புக்காரன் அய்யனாரைக் கூப்பிட்டோம். அவன் குனிந்து பார்த்து மூஞ்சியைச் சுளித்தான்.

“இன்னா பெரியவரே, உள்ள இவ்ளோ மண்ணு? எடையில கழிச்சிப்பேன், அப்புறம் சண்டைக்கு வரக்கூடாது.”

“கழிச்சிக்கோப்பா,” என்றார் என் வீட்டுக்காரர். “மண்ணுக்கு நாங்க அப்பவே காசு வாங்கிட்டோம்.”

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கயிறு கட்டி வண்டியை இழுத்துக்கொண்டு போனான். நான் காலிச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்து வைத்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.