நண்பகற் பேயும் ஓர் எழுத்தின் வாலும்

புல்லறுக்கும் திங்களின் உச்சிவெயில் லூவன் நகரக் கூரைகள்மேல் இறங்கி, கடைத்தெருவின் வாயை அடைத்து, டெய்லே ஆற்றையும் அசையாமல் நிறுத்தியிருந்த வேளையில், கல்லூரி மாடத்தறையில் அருட்தந்தை யோரிஸ் மட்டும் விழித்திருந்தார். திருமறையின் பழைய ஏடுகளை எழுத்தெழுத்தாய் ஒப்புநோக்கிப் பிழை களைவதே இருபதாண்டுகளாக அவர் தொழில். உண்ண மறந்தாலும் ஒரு புள்ளியை மறவாத மனிதர்.

அன்று அவர்முன் கிடந்தது ஊரார் நாள்தோறும் பாடும் திருப்பாடல். 'நண்பகற் பேய்க்கும் அஞ்சாய்' என்றது இலத்தீன். எபிரேய மூலத்திலோ பேயே இல்லை. 'நண்பகலில் பாழாக்கும் அழிவு' என்றே இருந்தது. பண்டை மொழிபெயர்ப்பாளன் எவனோ ஓர் எழுத்தின் வாலைச் சற்று நீளமாகப் படித்துவிட, அவ்வால் வழியே பேயொன்று மறைக்குள் ஏறிவிட்டது. அதை ஓரக்குறிப்பில் எழுதித் தர அச்சகத்தார் மாலைவரைதான் பொறுத்திருப்பர்.

நண்பகல் மணி அடித்தது. அவர் குறிப்பை எழுதினார். மை உலருமுன் நீர்த்துளியொன்று விழுந்து அதைக் கரைத்தது. மழை பெய்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மீண்டும் எழுதினார், மீண்டும் துளி. எதிரே கிடந்த வெற்று நாற்காலியிலிருந்து ஆற்றுப்பாசி நாறியது. அவருக்கு மெய்யாகவே அச்சம் பிடித்தது.

ரொட்டியும் மோரும் கொண்டுவந்த தங்கை மெக்டெல்ட் வாசலிலேயே நின்றாள்.

"என்னண்ணா, தரையெல்லாம் ஈரக் காலடி? ஆத்துல எறங்கிட்டு வந்தியா?"

"நான் நாற்காலிய விட்டே எழுந்திரிக்கலம்மா."

"நீ எழுந்திரிச்சாத்தான் அதிசயம். அப்படி என்னதான் எழுதுற?"

சொன்னார். அவள் முகம் வெளுத்தது. அவர்களுடைய தம்பி கீலிஸ் ஆறாண்டுக்கு முன் இதே திங்களில், இதே மணியொலியில், தானே ஆற்றில் இறங்கி மூழ்கியவன். தன்னுயிர் மாய்த்தோர்க்குக் கோயில் மண்ணில் இடமில்லை. நண்பகற் பேய்தான் தள்ளியது என்று இவ்வரியைக் காட்டியே பங்குத்தந்தையை இளகவைத்து அவனை அங்கே புதைத்திருந்தார்கள்.

"வரியில பேய் இல்லேன்னா, தானா விழுந்தவன்னு தோண்டி எடுத்துருவாங்கண்ணா. நீ எழுதினா ஊரே நம்பும்."

"பொய்ய எப்படிம்மா விட்டு வைக்கிறது?"

"அவன் உங்கிட்ட எதுவும் கேட்டதே இல்ல. இப்பத்தான் மொதமொதலா கேக்குறான்."

யோரிஸ் தரையைப் பார்த்தார். காலடிகள் வாசலிலிருந்து எதிரே கிடந்த வெற்று நாற்காலிவரை வந்திருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை. இறகுகோலை நெடுநேரம் பிடித்திருந்தவர், எழுதாமலே கீழே வைத்தார்.

"சரிடா கீலிஸ். போய்ப் படு."

வாசலை நோக்கித் தரை ஒவ்வோரடியாய் நனைந்தது.

படிப்போரே, அவர் திருத்தி அச்சான அந்நூலின் பக்கமெங்கும் ஓரக்குறிப்புகள் எறும்புச் சாரியாய் ஊர்கின்றன. அந்த ஒரு வரிக்கருகில் மட்டும் வெற்றுத்தாள். எளிய பிழையைக் காணாமல் விட்டாரே என்று கற்றோர் இன்றும் அவரை எள்ளுகின்றனர். கீலிஸ் கோயில் மண்ணிலேயே கிடக்கிறான்.