ஸ்தோயில் ஊற்றாத தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு மனுவிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கருங்கடலோரத்தில் ஒரு பல்கேரிய நகரம். அங்கே இஸ்க்ரா என்ற வழக்கறிஞரிடம் எனக்குப் பல வருடங்களாக வேலை. விமான நிலையங்களில் அடிபட்ட பயணிகள் எங்களைத் தேடி வருவார்கள். நகரும் படிக்கட்டில் செருப்பு சிக்கியவர், மேலிருந்து யாருடைய பெட்டியோ தலையில் விழுந்தவர், பேருந்துக்கும் விமானத்துக்கும் நடுவே பனியில் சறுக்கியவர். அவர்கள் சொல்வதைக் கேட்டு, 'சம்பவம் நடந்த விதம்' என்ற பகுதியை எழுதித் தருவது என் பொறுப்பு. சட்டப் பிரிவுகளை இஸ்க்ரா சேர்த்துக்கொள்வார்.

நெதெல்கா என்ற பெண்மணியின் மனுவில் ஒரே ஒரு வாக்கியம் எனக்கு வரவே இல்லை. அந்த வாக்கியத்தில் அடங்காமல் மிஞ்சியதை இங்கே எழுதுகிறேன்.

2

மனுவின் முதல் வரைவு:

"மனுதாரர் நெதெல்கா, ஓய்வுபெற்ற பள்ளிச் சமையல்காரர், வலென்சியாவில் வேலை செய்யும் மகளைப் பார்ப்பதற்காக முதன்முறையாக விமானம் ஏற வந்திருந்தார். பெட்டியை ஒப்படைத்துவிட்டுப் பாதுகாப்புச் சோதனை வரிசையை நோக்கி நடந்தார். நடந்துகொண்டிருந்தவர் திரும்பி—"

இங்கே நின்றுவிட்டேன். ஏன் திரும்பினார்?

கதையாகவாவது தொடங்கிப் பார்ப்போம் என்று வேறொரு தாளில் எழுதினேன்: "கண்ணாடிக் கூரை வழியாகக் காலை வெயில் தரையில் இறங்கியிருந்தது. நெதெல்காவின் புதுக் காலணிகள் அந்த வெயிலின்மேல்—"

[இதை அடித்துவிட்டேன். வெயில் என்று எழுதினால் வழக்கே போய்விடும். அன்று மழை. கூரை ஒழுகியது. ஒழுகும் கூரைதான் எங்களுக்கிருந்த ஒரே ஆதாரம்.]

3

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இது எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொண்டால் நெதெல்காவின் பாடு சுலபமாகப் புரியும். எனக்கும் இதை விளக்குவது பிடிக்கும்.

விமான நிலையத்தில் ஒருவர் விழுந்தால், அவர் எங்கே விழுந்தார் என்பதுதான் முதல் கேள்வி. விமானத்தில் ஏறும்போதோ இறங்கும்போதோ உள்ளேயோ விழுந்தால் விமானக் கம்பெனி பதில் சொல்ல வேண்டும். நாடுகள் கூடிக் கையெழுத்திட்ட உடன்படிக்கை அதற்கென்றே இருக்கிறது. சோதனை வரிசைக்கு முன்னால், வழியனுப்ப வந்தவர்களும் காப்பிக் கடையும் இருக்கும் கூடத்தில் விழுந்தால் விமானக் கம்பெனி கைகழுவிவிடும். அங்கே கட்டடத்தை நடத்துபவரைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்த கேள்வி, தரையில் இருந்த தண்ணீர் யாருடையது? கூரையிலிருந்து சொட்டியது என்றால் கட்டடக்காரர் தப்ப முடியாது. கூரை அவருடையது. வேறொரு பயணி சிந்தியது என்றால், சிந்தி எவ்வளவு நேரம் ஆயிற்று, துடைக்க அவகாசம் இருந்ததா என்று பார்ப்பார்கள். விழுந்தவரின் கூட வந்தவரே அந்த நிமிடத்தில் ஊற்றியது என்றால், கட்டடக்காரரைக் குற்றம் சொல்ல ஒன்றும் இருக்காது. வழக்கு அதோடு முடிந்தது.

யார் போய் விமான நிலையத்தில் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று நீங்கள் கேட்கலாம்.

இங்கே ஊற்றுவார்கள். ஒருவர் நீண்ட பயணம் புறப்பட்டால் வீட்டில் நிற்பவர் அவர் போகும் வழியில் தண்ணீர் ஊற்றுவார். போகிற காரியம் தடையில்லாமல் ஓட வேண்டும் என்று. புறப்பட்டவர் திரும்பிப் பார்க்கக் கூடாது.*

* பெரும்பாலும் வீட்டு வாசலில்தான். வாசலில் மறந்துபோனாலோ, அங்கே மனம் வராமலிருந்து வழியில் மனம் மாறிவிட்டாலோ, விமான நிலையக் கூடத்தில் பாட்டிலைத் திறப்பவர்கள் உண்டு. துப்புரவுப் பணியாளர்கள் கண்டும் காணாதது போல் துடைத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் வீட்டிலும் இதே வழக்கம்தான்.

4

நெதெல்காவின் கணவர் ஸ்தோயில் படகு இஞ்சின் பழுது பார்ப்பவர். ஒரே மகள் ரதினா. படிப்பு முடிந்து அப்பாவின் பட்டறையிலேயே சேர்ந்தாள். ஒரு இஞ்சினின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லுவாள் என்று துறைமுகத்தில் பெருமையாகப் பேசிக்கொண்டவர் ஸ்தோயில். அவள் வலென்சியாவில் வேலை கிடைத்துப் போகிறேன் என்றபோது அவர் அவளிடம் பேச்சை நிறுத்தினார். புறப்பட்ட காலையில் நெதெல்கா வாசலில் தண்ணீர் ஊற்ற, ஸ்தோயில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாராம்.

"நான் ஊத்த மாட்டேன். அவ தடுக்கித்தான் நிக்கட்டும்" என்றாராம்.

ரதினா தடுக்கி நிற்கவில்லை, போய்விட்டாள். அதிலிருந்து அவள் தொலைபேசியில் அழைத்தால் அவர் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். தக்காளிச் செடிகளுக்கு நடுவில் நிற்பார். பனிக்காலத்தில் செடிகள் இல்லாத தோட்டத்திலும் நிற்பார். நெதெல்கா ஜன்னல் வழியாக அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே மகளிடம், அப்பா வெளியே வேலையாக இருக்கிறார் என்பார்.

மகளைப் பார்க்கப் போகிறேன் என்று நெதெல்கா விமானச் சீட்டு வாங்கியபோதும் ஸ்தோயில் தோட்டத்துக்குத்தான் போனார். புறப்பட்ட அன்று வீட்டு வாசலில் தண்ணீரும் ஊற்றவில்லை. ஆனால் காரை எடுத்தார். பெட்டியைத் தூக்கினார். சோதனை வரிசைக்குள் பாட்டிலைக் கொண்டுபோகக் கூடாது என்பதால் நெதெல்கா, பாதி குடித்த தண்ணீர்ப் பாட்டிலை அவர் கையில் கொடுத்துவிட்டு நடந்தார்.

நான்கைந்து அடி நடந்ததும் பின்னால் தரையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

அவர் திரும்பினார். திரும்பக் கூடாது என்று பிறந்ததிலிருந்து தெரிந்தவர் திரும்பி, கணவரை நோக்கி ஒரு எட்டு வைத்தார். வைத்த கால் வழுக்கிக் கணுக்கால் எலும்பு முறிந்தது. விமானம் அவரில்லாமல் போனது. உள்ளே உலோகத் தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். இன்றுவரை அவர் மகளைப் பார்க்கவில்லை.

கண்காணிப்புக் கேமரா இருக்குமே என்பீர்கள். இருக்கிறது. அந்த நேரத்தில் முதுகுப்பைகளோடு ஒரு மாணவர் கூட்டம் குறுக்கே போகிறது. தரை தெரியவில்லை. ஸ்தோயிலின் முதுகும், மடங்கி உயர்ந்த ஒரு முழங்கையும் தெரிகின்றன. குடிக்கிறவரின் முழங்கையும் அப்படித்தான் இருக்கும், ஊற்றுகிறவரின் முழங்கையும் அப்படித்தான். அதே இடத்துக்குப் பக்கத்தில் ஒழுகும் கூரைக்குக் கீழே ஒரு வாளி வைத்திருந்தார்கள். வாளி எல்லாச் சொட்டையும் பிடித்ததா என்று கேமராவுக்கும் தெரியாது.

5

இரண்டு பேரும் எங்கள் அலுவலகத்துக்கு வந்த நாளை அப்படியே எழுதுகிறேன். அதில் என் கற்பனை கொஞ்சம்தான்.

இஸ்க்ரா நேராகவே கேட்டார், பாட்டிலை என்ன செய்தீர்கள் என்று. மிச்சத்தைக் குடித்துவிட்டுக் குப்பையில் போட்டதாக ஸ்தோயில் சொன்னார்.

"வக்கீலம்மா, நான் பட்டறைக்காரன். என் தரையில ஒரு சொட்டு எண்ணெய் சிந்துனா பையனுங்கள வெளுத்துடுவேன். கண்ணாடி மாதிரி இருக்கிற தரையில போய்த் தண்ணி ஊத்துவேனா?"

"ஊத்துனே" என்றார் நெதெல்கா. "எனக்குக் கேட்டுச்சு."

"என்னத்தக் கேட்டுச்சு உனக்கு? ஊரே கத்திக்கிட்டிருந்த இடத்துல."

"வாழ்நாள் பூரா சமையல்கட்டுல நின்னவ நான். சொட்டுற தண்ணிக்கும் ஊத்துற தண்ணிக்கும் வித்தியாசம் தெரியாதா?"

இஸ்க்ரா பேனாவை மூடி வைத்தார். "நெதெல்கா அக்கா, இப்ப நீங்க சொன்னதுக்கு என்ன அர்த்தம்னு புரியுதா? அவர் ஊத்தினார்னா நமக்கு வழக்கே இல்ல."

"புரியுது. உனக்குச் சொல்லல. அவனுக்குச் சொன்னேன்."

ஸ்தோயில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, கூரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்தக் கூரையில் ரப்பர் பட்டை எங்கே இற்றுப்போயிருக்கும், தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடி எங்கே சொட்டும் என்றெல்லாம் விளக்கினார். நன்றாகவே விளக்கினார். நான் ஆர்வமாகக் குறித்துக்கொண்டேன். நெதெல்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னை வழியனுப்ப அவர் தண்ணீர் ஊற்றவில்லை என்பதற்கு அவரே இத்தனை சாட்சி சேர்க்கிறாரே என்று பார்த்திருப்பார்.

(இந்தக் கடைசி வாக்கியம் என் ஊகம். அழித்துவிடலாமா என்று யோசிக்கிறேன். இருக்கட்டும்.)

மனுவில் கடைசியில் நான் எழுதியது இவ்வளவுதான்: "திரும்பிக் கணவரைப் பார்த்து ஓரடி வைத்தபோது ஈரத்தில் வழுக்கி விழுந்தார்." அதில் பொய் இல்லை. ஒரு பெண் தன் கணவரை ஏன் திரும்பிப் பார்த்தாள் என்று சட்டம் காரணம் கேட்பதில்லை.

6

ஸ்தோயில் என்ற பாத்திரத்தை என்னால் நம்ப முடியவில்லை. இதை உங்களிடம் ஒளிக்க விரும்பவில்லை.

அவர் ஊற்றியிருந்தால் அந்தத் தண்ணீர் மனைவிக்கு மட்டும் ஊற்றியதல்ல. வலென்சியா வரைக்கும் ஓடட்டும் என்று ஊற்றியது. அன்று வாசலில் மறுத்ததை இப்போது யாரும் பார்க்காமல் முடித்துவிட்டார் என்று அர்த்தம். ஊற்றவில்லை என்றால், தாகம் எடுத்த ஒரு மனிதர் தண்ணீர் குடித்தார், கூரை ஒழுகியது, அவ்வளவுதான். இரண்டும் எழுதச் சுலபம். எழுதும்போது இரண்டும் உண்மையாகத் தெரிகின்றன.

அவர் ஏன் மறுக்கிறார் என்பதற்கும் எனக்குப் பல பதில்கள். வழக்கு ஜெயிக்கட்டும் என்று இருக்கலாம். தன் தண்ணீர்தான் மனைவியின் காலை முறித்தது என்று ஒப்புக்கொள்ள முடியாமல் இருக்கலாம். மகள் விஷயத்தில் இறங்கிவந்தேன் என்று சொல்லும் வாய் அவருக்கு இல்லாமல் இருக்கலாம். எந்தப் பதிலை எழுதினாலும் அடுத்த பத்தியில் அவர் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுகிறார்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் இந்த ஊர்க்காரர். முழங்கையைப் பார்த்ததுமே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஸ்தோயிலைச் சாட்சியாக அழைக்கச் சொல்லிக் கேட்டார், நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. இஸ்க்ரா ஸ்தோயிலுக்கு ஒரு விஷயத்தை எடுத்துச் சொன்னார்: மனைவியின் வழக்கில் சாட்சி சொல்ல மறுக்கக் கணவருக்கு உரிமை உண்டு, வராமலே இருந்துவிடலாம், யாரும் வற்புறுத்த முடியாது.

வருகிறேன் என்றார் ஸ்தோயில்.

7

வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்ளலாமே என்று நான் நெதெல்காவிடம் கேட்டேன். கணவர் ஊற்றினார் என்று நம்புகிறவருக்கு இந்த வழக்கு எதற்கு? வாழைப்பழத்தை உரிப்பது போல் நிதானமாக அவர் தன் கால் பட்டையைக் கழற்றி மறுபடி கட்டிக்கொண்டார்.

"வீட்டுல கேட்டா தோட்டத்துக்குப் போயிடறான், பொண்ணே. கோர்ட்டுல கேட்டா எங்க போவான்?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் எழுதியது மனு அல்ல. ஒரு மனிதரை நிறுத்தி வைத்து ஒரு கேள்வி கேட்பதற்காக அவர் மனைவி செய்துகொண்ட ஏற்பாடு. அதற்கு இந்த நாட்டில் வேறு இடம் அவருக்குத் தெரியவில்லை.

"அவர் 'இல்ல'ன்னு சொல்லிட்டா?"

"சத்தியம் பண்ணிட்டுச் சொல்வானில்ல. அப்ப நம்பிக்கிறேன். ரதினாகிட்டயும் அப்பா வேலையா இருக்காருன்னு சொல்றத நிறுத்திக்கிறேன்."

8

இந்தக் கதைக்கு மூன்று முடிவுகள் எழுதினேன். நெதெல்காவிடம் அவற்றை வாய்மொழியாகச் சொன்னேன். என் மொழியில் எழுதுகிறேன் என்றதும், உங்கள் ஊரிலும் தண்ணீர் ஊற்றுவார்களா என்று கேட்டார். ஊற்ற மாட்டார்கள், ஆனால் புறப்படுபவரை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது என்றேன். அது நல்லதுதான், பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று சிரித்தார்.

முதல் முடிவில் ஸ்தோயில் மறுக்கிறார். கூரைமேல் பழி விழுகிறது. வழக்கு ஜெயித்து, வந்த இழப்பீட்டில் நெதெல்கா வலென்சியா போகிறார், வாசலில் யாரும் தண்ணீர் ஊற்றாமல். இதைக் கேட்டு அவர் தலையை மட்டும் அசைத்தார்.*

* இங்கே 'இல்லை' என்பதற்கு மேலும் கீழுமாக அசைப்பார்கள், 'ஆம்' என்பதற்குப் பக்கவாட்டில். அவர் அசைத்தது இரண்டுக்கும் நடுவில்.

இரண்டாவதில் ஸ்தோயில் எழுந்து, "ஊத்தினேன்" என்கிறார். வழக்கு தோற்கிறது. இஸ்க்ரா வழக்குக் கோப்பை மூட, நெதெல்கா அங்கேயே ரதினாவை அழைத்துத் தொலைபேசியைக் கணவரிடம் நீட்டுகிறார். எனக்குப் பிடித்த முடிவு இதுதான். நெதெல்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாவதில் நீதிபதி கேட்கிறார், ஸ்தோயில்—

"நிறுத்து" என்றார் நெதெல்கா.

அவர் கோபப்படவில்லை. என் கைமேல் கை வைத்தார். காய்கறி நறுக்கியே தழும்பேறிய விரல்கள்.

"எத்தனையோ நாளா அவன் வாயால கேக்கணும்னு காத்துக்கிட்டிருக்கேன். நீ எழுதி முடிச்சுட்டா எனக்கு முன்னாடி நீ கேட்டுடுவே. அது வேணாம், பொண்ணே."

அதனால் எழுதவில்லை.

விசாரணை வரும் வியாழக்கிழமை, பழைய நீதிமன்றக் கட்டடத்தின் மாடியில். பார்வையாளர்களுக்குத் தடை கிடையாது, நீங்களும் வரலாம். ஸ்தோயில் மெதுவாகப் பேசுகிறவர், அதனால் முன் வரிசை வேண்டும் என்று நெதெல்கா சீக்கிரமே வந்துவிடுவார். நீங்கள் அவருக்குப் பின்னால் உட்காருங்கள்.