பதினேழாம் நம்பர் பெட்டி ஆந்தை

"சைபீரியாவுலேர்ந்து பறந்து வந்த ஆந்தைம்மா இது!" மலேசியாவின் லாபு தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களின் வரிசையில் நின்று, தான் எடுத்த படத்தைக் காட்டி நாகராஜன் கத்தினார்.

"ஐயே, இது எங்க தோட்டத்து ஆந்தை லா, அண்ணே! எலி பிடிக்க மரப்பெட்டி வச்சு வளர்க்குறோம். உங்க படத்துலேயே பதினேழாம் நம்பர் பெட்டி தெரியுது பாருங்க!" என்றாள் தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோரின் மகள் குமுதவல்லி.

அக்டோபர் வலசையில் அரிய பறவையைக் காட்டுகிறவர்தான் பறவை பார்க்கும் குழுவுக்கு அந்த வருஷத் தலைவர். அதற்காகவே சிரம்பான் கடைக்காரரான நாகராஜன் பீரங்கி மாதிரி லென்ஸ் வாங்கியிருந்தார். கண்ணைத்தான் வாங்க மறந்துவிட்டார் என்று குமுதவல்லி நினைத்துக்கொண்டாள். குழுவில் இருந்த, லோரி ஓட்டும் வசந்தன் முதலில் சிரித்தான். பிறகு குழுவே சிரித்தது.

அந்த வருஷம் குழு தலைவரில்லாமல் நடந்தது, நன்றாகவே நடந்தது. நாகராஜன் வியாபாரம் என்று சொல்லி ஜொகூருக்குக் குடிபோனார், நம்பத்தான் ஆளில்லை. குமுதவல்லி தை மாதம், அன்று முதலில் சிரித்த வசந்தனைக் கட்டிக்கொண்டாள்.