சுண்டுவிரல் கபடி

உலகத்தில் எவனாவது சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு கபடி ஆடுவானா? இளவரசு ஆடினான். அதுவும் சிதம்பரத்தில், அத்தனை சனம் பார்க்க, அவன் வாழ்க்கையிலேயே முக்கியமான ஆட்டத்தில்.

எல்லாம் செம்பியனால் வந்தது. செம்பியன் கடலூர்க்காரன். தொழில்முறை லீக்கில் மூன்று வருஷமாக ரைட் கார்னர். போன மாதம் டிவியில் பேட்டி எடுத்தவர், "கல்யாணச் சாப்பாடு எப்போ?" என்று இளித்தார். "எனக்குப் பொண்ணுங்க மேல ஆசை கெடையாதுங்க. ஆம்பளைங்களத்தான் புடிக்கும். நல்ல பையனாக் கெடைச்சா பத்திரிகை அனுப்புறேன்" என்று சிரித்தபடியே போட்டு உடைத்துவிட்டான். மஞ்சக்குப்பம் டீக்கடைகளில் அன்றைக்கு டீயெல்லாம் ஆறிப்போயிற்று.

அன்றிலிருந்து இளவரசுக்கு ஒரே கவலை. கார்னரில் நிற்பவனும் பக்கத்தில் நிற்பவனும் கைகோத்துத்தான் பாடி வருகிற ரெய்டரை மடக்க முடியும். லீக் விடுமுறையில் செம்பியன் ஊருக்கு வந்து பழைய டீமில் ஆடும்போதெல்லாம் பக்கத்தில் நிற்பவன் இளவரசுதான். பதினோரு வருஷமாகப் பிடித்த கை! சிப்காட் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிற இளவரசுக்கு வயது இருபத்தொன்பது. செம்பியன்தான் தன் லீக் கோச் ஜெயப்பிரகாஷை, "எனக்கு ஏத்த சோடி இவன்தான் சார், வந்து பாருங்க" என்று நச்சரித்துச் சிதம்பரத்துக்கு வரவழைத்திருந்தான். இதையும் விட்டால் இளவரசுக்கு லீக் கிடையாது, காலம் முழுக்க ஷிப்ட்தான்.

அது அவனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் கேலரியில் மாமனார் வீட்டு ஆட்கள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எதிரில் இந்தக் கையைப் பிடித்தால் மானம் கப்பலேறிவிடும் என்று அந்த மடையன் முடிவு கட்டி, சுண்டுவிரலை மட்டும் நீட்டினான்.

"என்னா மச்சான், தேர்த் திருவிழாவுக்குக் கொழந்தைய இட்டுக்கினு போறியா?" என்றான் செம்பியன்.

"வேர்வைடா. வழுக்குது."

எதிரணி ரெய்டர் அந்த இடைவெளியில் மூன்று தடவை புகுந்து போனான். மூன்றாவது தடவை கோச் கொட்டாவி விட்டார்.

இரண்டாம் பாதியில் அதே ரெய்டர் வந்தான். இளவரசு சுண்டுவிரலை நீட்டினான். செம்பியன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"டேய், கை எங்கடா?"

"கேளு, தரேன்."

"வெளையாடாதடா!"

"வெளையாடத்தான வந்தோம்? கேலரிக்குக் கேக்குற மாதிரி கேளு."

ரெய்டுக்கு முப்பதே விநாடி. அதில் பாதி ஓடிவிட்டது. பாடி வந்த ரெய்டரே குழம்பிப்போய், "கபடி, கபடி" என்று முனகியபடி இவர்களை வேடிக்கை பார்த்தான். அப்போது மாமனார் வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. இளவரசின் பெண்டாட்டி இளமதி எழுந்து நின்றிருந்தாள்.

"யோவ்! கையப் புடிச்சித் தொலைய்யா! லீவு போட்டுட்டு வந்திருக்கேன்!"

மாமனார் தலையில் அடித்துக்கொண்டார். மகளுக்காகவா மருமகனுக்காகவா என்று தெரியவில்லை.

"கையக் குடுடா செம்பியா!" என்று இளவரசு தொண்டை கிழியக் கத்தினான். கேலரியில் விசில் பறந்தது.

செம்பியன் கொடுத்தான். காய்த்துப்போன அதே உள்ளங்கை. அதில் ஒன்றும் மாறவில்லை. இத்தனை நேரம் இதற்கா கூசினோம் என்று இளவரசுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருவரும் பாய்ந்ததில் ரெய்டர் குப்புற விழுந்தான். அதற்கப்புறம் அந்தப் பக்கம் யாரும் தப்பவில்லை. ஆனாலும் ஆட்டம் இரண்டு பாயின்டில் கைநழுவிப் போயிற்று.

கோச் நேராக வந்தார். "மொதப் பாதியில கையில என்ன ப்ராப்ளம்?"

வேர்வை என்று சொல்ல வாய் வந்தது. செம்பியன் பக்கத்தில் தண்ணீர் குடித்தபடி, என்ன புளுகப் போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"கையில ஒண்ணுமில்ல சார். இவன் கையப் புடிச்சா நாலு பேரு என்ன பேசுவாங்களோன்னு பயந்துட்டேன். தப்புதான்."

செம்பியன் பாட்டிலை இறக்கினான். அவன் முகத்தில் குறும்பு போன இடம் தெரியவில்லை.

"நம்ம டீமு பன்னெண்டு ஊர்ல ஆடும். எல்லா ஊர்லயும் நாலு பேரு இருப்பானுங்க" என்றார் கோச்.

"இருக்கட்டும் சார். அங்கயும் சத்தமா கேட்டு வாங்கிக்கிறேன்."

"நீ கேட்டு முடிக்கிறதுக்குள்ள ரெய்டர் வீட்டுக்கே போயிடுவான்யா" என்றார் ஜெயப்பிரகாஷ். "கேக்காம புடி. திங்கக்கெழம ரெண்டு பேரும் கேம்புக்கு வந்து சேருங்க."