மூன்று நிறக் கீபோர்டு

அந்த வீட்டின் நடுப்பெண்ணை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. என்டர் என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. பெரிய மருத்துவமனை ஒன்றின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து, கோபமாக இருக்கும் டாக்டர்களை அவர்களைவிடக் கோபமாக இருக்கும் சொந்தக்காரர்களோடு இணைத்துவிடுகிறாள். இருந்தாலும் அம்மாவுக்கு அவள் என்டர்தான்.

பெயர் வந்த கதையைச் சொல்லிவிடலாம். அப்பா எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாக ஏறி இறங்கித் தராசுகளைச் சோதிப்பது அவர் வேலை. ஊரான் தராசில் குறை பொறுக்காதவர் சொந்தப் பிள்ளைகள் விஷயத்தில் சும்மா இருப்பாரா? கேக் வாங்கினால் ஸ்கேல் வைத்து வெட்டுவார். அவருடைய அலுவலகத்தில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, மூன்று பிள்ளைகளும் அதன்மேல் பாய்ந்து பிறாண்டிக்கொண்டார்கள். தம்பி அக்காவின் கையைக் கடித்தேவிட்டான். அப்பா யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று பிரித்தால் கடிகாரத்தை ஏமாற்றிவிடுவார்கள். ஆகவே கீபோர்டைப் பிரித்துவிடுவது.

அம்மாவின் நகப்பாலிஷ் பாட்டில்கள் வெளியே வந்தன. இடது கைப்பக்கத்து எழுத்துகள் எல்லாம் அக்காவுக்கு, சிவப்புப் பொட்டு. வலது கைப்பக்கம் தம்பிக்கு, ஊதா. நடுப்பெண்ணுக்கு எண்களும் ஸ்பேஸ் பாரும் என்டரும், ரோஸ். அக்கா பக்கம் நாலு எழுத்து அதிகம் என்று தம்பி தரையில் புரண்டு அழுததால், அப்பா எண்ணிப் பார்த்து, புள்ளியையும் கமாவையும் இன்னும் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துக் கணக்கைச் சரிக்கட்டினார். உச்சியில் இருந்த எஃப் பட்டன்களைத் தனக்கே வைத்துக்கொண்டார். "அது அரசாங்க நிலம்" என்றார். பவர் சுவிட்ச் அம்மாவிடம் போனது. வீட்டில் உண்மையான அதிகாரம் யாரிடம் என்பது அன்றே தெளிவாகிவிட்டது.

அடுத்தவர் பட்டனில் விரல் பட்டால் அன்றைக்கு ஆட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். இதுதான் சட்டம்.

அது விண்டோஸ் வருவதற்கு முந்தைய டாஸ் காலம். திரையில் படமும் கிடையாது, பிடித்து நகர்த்த மவுஸும் கிடையாது. கறுப்பாக ஒரு வெறுமை, ஓரத்தில் கண் சிமிட்டிக்கொண்டு ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். என்ன வேண்டும் என்று எழுத்துப் பிசகாமல் சொன்னால் செய்யும். ஓர் எழுத்து தப்பினாலும் 'பேட் கமாண்ட்' என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடும். அம்மாவுக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அப்பா மூன்றாவது காபி கேட்டால் அடுப்படியிலிருந்து "பேட் கமாண்ட்!" என்று பதில் வரும்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு விளையாட்டுதான் இருந்தது, கார் ஓட்டுவது. டி, ஆர், ஐ, வி, ஈ என்று தட்டி, என்டர் அழுத்தினால் கார் கிளம்பும். நாலு எழுத்து அக்காவுடையது, ஒரே ஓர் எழுத்து தம்பியுடையது. அதிலும் அவனுக்கு ஒரு மனக்குறை. காரை இடப்பக்கம் திருப்ப அக்கா, வலப்பக்கம் திருப்பத் தம்பி, பிரேக் போட நடுப்பெண். அக்கா கத்துவாள், தம்பி அவளைவிடச் சத்தமாகக் கத்துவான், இவள் சத்தமில்லாமல் பிரேக் போடுவாள். மூன்று பேரும் சேர்ந்து ஒரே ஆளாக ஓட்டிய அந்தச் சந்தோஷத்தை அவள் பிறகு எதிலுமே பார்த்ததில்லை. கார் வாங்கி, நிஜமாகவே ஓட்டியபோதுகூட இல்லை.

இப்போது அக்காவும் தம்பியும் பேசி ஒரு வருஷமாகிறது. லிஃப்ட் மெக்கானிக்கான தம்பி ஆசை ஆசையாக வீடு கட்டினான். பார்க்கப் போன அக்கா, ஒரு வார்டையே ஆட்டிப் படைக்கும் தலைமை நர்ஸ், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "இந்தச் சமையலறையில ரெண்டு பேர் நின்னா ஒருத்தர் ஜன்னல் வழியாத்தான் வெளிய போகணும்" என்றாள். வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். தம்பிக்கு முகம் செத்துவிட்டது. "அப்போ நீ வராதே" என்றான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனவள்தான்.

அதிலிருந்து இரண்டு பேரும் என்டர் வழியாகத்தான் பேசினார்கள். "அம்மா கண் பரிசோதனைக்கு யார் போறதுன்னு அவன்கிட்ட கேளு." "நான் போறேன்னு அவகிட்ட சொல்லு." வேலையிலும் லைன் கொடுப்பது, வீட்டிலும் லைன் கொடுப்பது என்று அவளுக்கு அலுத்துப்போனது. அதோடு விஷயம் முற்றிவிட்டது. வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்து, வரும் வியாழக்கிழமை அக்கா குடும்பத்தோடு விமானம் ஏறுகிறாள். இப்படியே போய்விட்டால் இது கல்லாக இறுகிவிடும் என்று என்டருக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் போன் போட்டாள். "அப்பா பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடப்போறாராம். மூணு பேருக்கும் சமபங்காம், மூணு பேரும் சம்மதிக்கணுமாம், வா." அப்பா அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் சொல்லக்கூடியவர்தான் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை.

முதலில் தம்பி வந்தான். பின்னாலேயே வந்த அக்கா அவனைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள். "எனக்கு பெட்டி கட்டற வேலை கிடக்கு" என்றாள் என்டரிடம்.

"அஞ்சு நிமிஷம்க்கா. உக்காரு."

பரணிலிருந்து இறக்கித் துடைத்த கம்ப்யூட்டர் மேஜைமேல் இருந்தது. கீபோர்டில் பொட்டுகள் பாதி உதிர்ந்திருந்தாலும் நிறம் தெரிந்தது. மூன்று நாற்காலிகள் போட்டிருந்தாள். யாரும் சொல்லாமலே அக்கா இடப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள், தம்பி வலப்பக்கத்தில் உட்கார்ந்தான். நடுவில் என்டர்.

"போடட்டுமா?" என்று அம்மா சுவிட்ச் பக்கத்தில் போய் நின்றாள்.

பெட்டி உறுமியது. தூசி வாசனை வந்தது. திரை வெகுநேரம் கறுப்பாகவே இருந்தது. 'பீப்' என்று ஒரு சத்தம், பிறகு மங்கலாக எழுத்துகள். 'எஃப்-1' பட்டனை அழுத்து என்று கேட்டது. தம்பியின் விரல் தன்னையறியாமல் நீண்டது.

"கையை எடு! அரசாங்க நிலம்!" அப்பா தள்ளாமையையெல்லாம் மறந்து எழுந்து வந்து, தானே அழுத்தினார்.

உள்ளே பேட்டரி செத்துப் பல காலமானதால், தேதி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, ஜனவரி ஒன்று என்று காட்டி, சரிதானா என்றது. அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். பிறகு மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"எண்பதா? எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே. நீங்கள்லாம் யாரு?"

அம்மா முதலில் சிரித்தாள். தம்பிக்குத் தொந்தி குலுங்கியது. அக்கா உதட்டைக் கடித்து அடக்கினாள். என்டர் அப்படியே இருக்கட்டும் என்று அந்தத் தேதியையே ஒப்புக்கொண்டாள். கறுப்புத் திரையில் சின்னக் கோடு கண் சிமிட்டத் தொடங்கியது.

அக்காவின் இடது கை தானாகப் போனது. டி. ஆர். அப்புறம் நின்றது. அடுத்தது ஊதாப் பொட்டு.

கோடு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"என்டர், அவன்கிட்ட ஐ அழுத்தச் சொல்லு."

"என்டர், கூப்பிட வேண்டியவங்க கூப்பிட்டா அழுத்துறேன்னு சொல்லு."

என்டர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் எதையும் சொல்ல மாட்டேன். என்டரும் அழுத்த மாட்டேன். ஒரு வருஷமா உங்க ரெண்டு பேருக்கும் நான் ஒயரா இருந்தது போதும். நேரா பேசுங்க. இல்லன்னா அம்மா, அணைச்சிடு."

இவ்வளவு நீளமாக அவள் பேசி வீட்டில் யாரும் கேட்டதில்லை. அம்மாவின் கை நிஜமாகவே சுவிட்சுக்குப் போனது.

"இரும்மா!" என்றாள் அக்கா. தொண்டையைச் செருமினாள். திரையைப் பார்த்தபடியே, "டேய்... ஐ" என்றாள்.

தம்பி அழுத்தினான். வந்த வேகத்தில் ஓங்கி அழுத்திவிட்டான். அக்கா மீதியை முடித்தாள். என்டர் கையை வெளியே எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் விருப்பப்படி, அழுத்தினாள்.

பேட் கமாண்ட்.

ஐ இரண்டு தடவை விழுந்திருந்தது.

"ஒரே ஒரு எழுத்து!" அக்கா நாற்காலியோடு திரும்பிவிட்டாள். "உனக்கு இருக்கறதே ஒரே ஒரு எழுத்து! அதைக்கூட உருப்படியா அழுத்தத் தெரியாதா?"

"பட்டன் ஒட்டிக்குதுடி! நாலு எழுத்து வச்சிருக்கற திமிரு உனக்கு!"

"யாரை டீங்கற? கடிச்சவன்தானே நீ!"

"இப்பவும் கடிப்பேன்!"

என்டருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஒரு வருஷம் கழித்து நேருக்கு நேர் பேசிய பேச்சு, பழைய சண்டையேதான், ஒரு மாற்று குறையவில்லை. அவளுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

இரண்டாம் தடவை கார் கிளம்பியது. "லெஃப்ட் போ!" "ரைட்டுடா, ரைட்டு!" "பிரேக் எங்க, பிரேக்!" மரத்தில் மோதியது, ஆற்றில் விழுந்தது. மூன்று பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கத்தினார்கள். அப்பா பின்னால் நின்று யாராவது சட்டத்தை மீறுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வளைவில் கத்தலுக்கு நடுவே தம்பி சொன்னான்:

"நீ சொன்னது சரிதான். நிக்கவே முடியல. போன மாசம் அந்தச் சுவரை இடிச்சுட்டேன். இப்ப நாலு பேர் நிக்கலாம்."

அக்காவின் விரல் நின்றுவிட்டது. கார் நேராக வேலியில் போய் முட்டியது. "இத முன்னாடியே சொல்றதுக்கு என்னடா?" என்றாள். பிறகு மணியைப் பார்த்துப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் கிளம்பணும். பெட்டி எல்லாம் அப்படியே திறந்து கிடக்கு."

வேலியில் மோதினால் அந்த விளையாட்டு எப்போதும் ஒரு கேள்வி கேட்கும். இப்போதும் கேட்டது: வெளியேறலாமா? ஆமாம் என்றால் 'ஒய்', இல்லை என்றால் 'என்'.

இரண்டுமே ஊதாப் பொட்டு. இரண்டும் தம்பியுடையவை. அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவன் விரலைப் பார்த்தபடி நின்றாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. மெதுவாக, இந்தத் தடவை ஒரே ஒரு தடவை, 'என்' எழுத்தை அழுத்தினான்.

அக்கா பையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். என்டர் என்டரை அழுத்தினாள்.