பள்ளத்துப் பயிரின் பச்சை

அன்றைக்கு அவள் அளக்க வேண்டிய கடைசி வயல் அண்ணனுடையது. காலையிலிருந்து முந்நூற்றுச் சொச்சம் இலைகளைக் கருவியின் வாயில் கவ்வவைத்து, அது காட்டிய பச்சைய எண்ணைக் குறித்ததில் கட்டைவிரல் மரத்துப்போயிருந்தது. சுற்றுவட்டாரத்தில் அவளுக்கு ‘மீட்டரம்மா’ என்றே பெயர். அண்ணனுக்குத்தான் அந்த மீட்டர்மேல் மரியாதை கிடையாது.

“துணிக்கு மாட்டுற கிளிப்ப வச்சு என்னத்தக் கண்டுபிடிக்கப் போற? சோளம் மஞ்சளாகுது, கண்ணுக்கே தெரியுது. ரெண்டு தடவ யூரியா போட்டாச்சு. மூணாவதும் போடணுமா, அதச் சொல்லு போதும்.”

“சும்மா இருண்ணே. அளந்துட்டுச் சொல்றேன்.”

மேட்டில் தொடங்கினாள். நாற்பத்து நான்கு, நாற்பத்து மூன்று. ஒரு குறையும் இல்லை. சரிவில் இறங்க இறங்க எண்ணும் இறங்கியது. கோடிப் பள்ளத்தில் பத்தொன்பது. செருப்பு சேற்றில் புதைந்தது. ஒரு செடியைப் பிடுங்கினாள். வேர் கறுத்து, சாக்கடை நாற்றம் அடித்தது.

“மோந்து பாரு.”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“உரம் பத்தலேன்னா மேட்டுலயும்தான் மஞ்சளாகியிருக்கும். இங்க தண்ணி தேங்கி வேருக்கு மூச்சு முட்டுது. வாயப் பொத்திக்கிட்டு சோறு ஊட்டுனா எப்படி எறங்கும்? ஆமா, இந்த ஓரத்துல வடிகால் இருந்துச்சே?”

அண்ணன் வரப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“நாந்தான் மூடினேன். கூட ரெண்டு வரிசை நடலாமேன்னு.”

திட்ட வாயெடுத்தாள். அவன் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்ததைப் பார்த்ததும் திட்ட மனம் வரவில்லை.

“மண்வெட்டி எங்க?”

மூடிய இடத்தில் நட்டிருந்த இரண்டு வரிசைகளையும் வெட்டிச் சாய்த்தார்கள். பூ விட்டிருந்த செடிகளிடம் வந்தபோது அவன் கை தயங்கியது. அவள் தயங்கவில்லை. பழைய வடிகாலைத் தோண்டித் திறந்தார்கள். பொழுது சாயும்போது தண்ணீர் அசைந்து, மெல்ல வெளியேறத் தொடங்கியது.

மூன்று வாரம் கழித்து வந்து அளந்தாள். பள்ளத்தின் மேல்பாதி முப்பத்தொன்றுக்கு ஏறியிருந்தது. கீழ்ப்பாதி பிழைக்கவில்லை, அண்ணன் அதை அறுத்து மாட்டுக்குப் போட்டிருந்தான்.

“மொதல்ல மஞ்சளானப்பவே ஒன்னக் கூப்பிட்டிருக்கணும்,” என்றான். “ஒங்கிட்டக் கேக்க வெக்கமா இருந்துச்சு.”

“எனக்கு இன்னும் நாலு வயல் மிச்சம் இருக்குண்ணே. அழறதுன்னா நாளைக்கு அழுவோம்.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் தோளிலிருந்த பையை வாங்கி மாட்டிக்கொண்டு, அடுத்த வயலை நோக்கி அவளுக்கு முன்னால் நடந்தான்.