அரசாங்கத்துக்கு வைத்த கூறு

வற் வரி கூடிய தை மாதத்தில் இருந்து, மூதூர் நஸ்ரியின் வீட்டில் மஃரிப் இருட்டு மற்ற வீடுகளுக்கு முன்னமே வந்துவிடும். பக்கத்து முற்றத்தில் வெயில் நின்று உடுப்புக் காயும்போதே இங்கே லைட் போட வேண்டியிருந்தது. பகலில் ஒரு பங்கை ஒருவர் எடுத்துக்கொண்டு போனதுதான் காரணம். அது யார் என்பதில் நஸ்ரியின் மனைவி பஸ்மியாவுக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஆளை வீட்டுக்குக் கூட்டி வந்தது தன் புருசனின் வாய்தான் என்று எவர் கேட்டாலும் சொல்லுவாள்.

நடந்தது இதுதான். கொட்டியாரக்குடாவில் பிடித்த மீனைக் கரையில் கொட்டி, வள்ளத்துக்கு ஒன்று, மெசினுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, ஆளுக்கொன்று என்று கூறு வைப்பது வழக்கம். பெயர் சொல்லிக் கூறு வைத்துவிட்டால் அந்த ஆள் பங்காளி. அவராக விலகினால் ஒழிய விலக்க முடியாது. வரி கூடிய அன்று மண்ணெண்ணெய் விலை கேட்டு வயிறெரிந்து வந்த நஸ்ரி, எல்லாக் கூறிலும் கொஞ்சம் கிள்ளி மணலில் புதிதாய் ஒன்று வைத்து, "இது அரசாங்கத்துக்கு. அவரும்தானே எங்களோட கடல்ல கஷ்டப்படுறார்" என்றான். கரையே விழுந்து விழுந்து சிரித்தது. வள்ளக்கார இக்னேசியஸ் மட்டும் சிரிக்கவில்லை. "பேர் சொல்லிட்டாய் தம்பி, இனி அழிக்க ஏலாது" என்றார். சிரித்து முடித்துத் திரும்பினால் அந்தக் கூறைக் காணவில்லை. காகம் ஒன்றுகூட அன்று கரைக்கு வந்திருக்கவில்லை.

மறுநாளே பங்காளி வேலையைத் தொடங்கிவிட்டார். வள்ளத்தின் பின்பக்கம் ஆளில்லாமலே தாழ்ந்தது. உலையில் போட்ட அரிசி சோறாகும்போது குறைந்தது. நஸ்ரியின் தூக்கத்தில் பங்கு, பஸ்மியா அழுதால் கண்ணீரிலும் பங்கு. போகட்டும், தின்னட்டும் என்று அவள் விட்டிருப்பாள். ஆனால் மூன்று வயது மகள் சனூஸாவைக் கதவு நிலையோடு நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டு வந்தாளே, அந்தக் கோடு ஏறவில்லை. பிள்ளை வளர்ந்தாள், வளர்ந்ததில் ஒரு பங்கு விடிய இருக்கவில்லை. பால்மாவை ஒளித்துக் கரைத்துக் கொடுத்தாள், தன் சோற்றையும் ஊட்டிவிட்டாள். வரவு செலவுத் திட்டம் வாசித்த மறுநாள், பழைய கோட்டுக்குக் கீழே புதுக்கோடு போட வேண்டி வந்தது. "என்ட அல்லாஹ்வே, பள்ளிக்கூடத்தில என்ட புள்ளைய எந்த வாங்கில வைக்கிற? எல்லாரும் பார்த்துச் சிரிப்பாங்களே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு இருந்த ஒரே பயம் பள்ளிக்கூடத்து முதல் நாள்தான்.

வாடைக்காற்றில் வள்ளம் இறங்காமல் கிடந்தபோது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. பங்காளி என்றால் நட்டத்திலும் பங்காளி. அதுவும் கரையின் சட்டம்தான். வெறும் சட்டியோடு கரைக்குப் போய் மணலைக் கூறு கூறாய்க் குவித்து, "இது வள்ளத்துக்கு, இது எங்களுக்கு, இது உங்களுக்கு. இண்டைக்குக் கிடைச்ச பாடு பட்டினிதான், உங்கட பங்கையும் எடுங்க" என்று மரியாதையாகவே சொன்னாள். விடிந்து பார்த்தால் மணல் வைத்தபடியே கிடந்தது. வீட்டில் அவர்கள் மூவருக்கும் அன்று, தங்கள் பசியோடு இன்னொரு ஆளின் பசியும் சேர்ந்து பசித்தது. அதோடு பஸ்மியா புருசனோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். பாவம், அவனும் ஏன் என்று கேட்கவில்லை.

சனூஸாவுக்கு ஐந்து முடிந்தது. அரசாங்கம் இலவசமாய்க் கொடுத்த சீருடைத் துணியில் சட்டை தைத்த பிறகு நிறையத் துணி மிஞ்சியது. தாராள மனசுதான், யார் இல்லை என்றது? முதல் நாள் பஸ்மியா மகளைத் தன் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். நஸ்ரி பள்ளிக்கூடக் கேற்றடியிலேயே நின்றுவிட்டான். உள்ளே தாய்மார் எல்லாரும் எதையோ முந்தானைக்குள் மறைத்தபடிதான் நின்றார்கள். பக்கத்தில் நின்ற ரிஸ்லா, தோப்பூரில் இருந்து வந்து குடியேறிய வயல்காரனின் மனைவி. அவளுடைய மகனும் சனூஸாவின் உயரம்தான்.

"உங்கட வீட்டுக்காரரும் கரையில கூறு வச்சவரா?" என்று பஸ்மியா மெதுவாகக் கேட்டாள்.

"என்ன கூறு? அவர் கடலுக்கே போனதில்ல" என்றாள் ரிஸ்லா.

பஸ்மியா மற்ற முந்தானைகளையும் ஒவ்வொன்றாய்த் திரும்பிப் பார்த்தாள். அப்போது டீச்சர் வந்து பிள்ளைகளை உட்காரச் சொன்னா. வாங்குகளின் கால்கள் எல்லாம் ஒரே அளவாய் அறுக்கப்பட்டிருந்தன. "போன வருசமே அறுத்துப்போட்டம், புள்ளைகள் ஏறக் கஷ்டப்படக் கூடாதுதானே" என்று சொல்லிவிட்டு டீச்சர் கரும்பலகையைத் துடைக்கப் போனா. சனூஸா ஓடிப்போய் முன் வாங்கில் உட்கார்ந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

பஸ்மியா வெளியே வந்தாள். கேற்றடியில் நஸ்ரி தலையைக் குனிந்தபடி நின்றான். அந்த வாடைக்குப் பிறகு முதன்முதலாக அவனோடு கதைத்தாள்.

"மகளுக்குக் கால் நிலத்தில முட்டுது" என்றாள்.